முஷ்டியா, உள்ளங்கையா?

வாசகர் கேள்வி – பதில்: தற்காப்புப் பக்கம்

கேள்வி: எனக்கு வயது 41. பனியன் கம்பெனியில் இரவு ஷிஃப்ட் முடிந்து, பேருந்து நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் தனியாக நடந்து வருகிறேன். கராத்தே பயிலும் என் மகள் எனக்குக் குத்தக் கற்றுக்கொடுத்தாள். தலையணையைச் சுவரில் சாய்த்துப் பழகியதில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. என் கைக்கு ஏற்ற அடி எது?
– வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, முதலில் வீக்கம் முழுவதும் வடியும்வரை பயிற்சியை நிறுத்திவிடுங்கள்; வலி குறையாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். உங்கள் மகள் கற்றுக்கொடுத்ததில் தவறில்லை. ஆனால் முஷ்டியால் குத்துவது மாதக்கணக்கில் பழகிய கைக்கு உரிய அடி. மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை 27 சிறு எலும்புகள் சேர்ந்ததுதான் நம் கை. தாடையைக் குறிவைத்துக் குத்தினாலும், எதிரில் நிற்பவன் சட்டென்று தலையைக் குனிந்தால் அந்தக் குத்து கெட்டியான நெற்றியில் போய் விழும். அப்போது சுண்டுவிரல் முட்டிக்குக் கீழே உள்ள எலும்பு எளிதில் முறிந்துவிடும். இதற்கு ‘பாக்ஸர்ஸ் ஃபிராக்சர்’ என்று பெயர் இருந்தாலும், தேர்ந்த குத்துச்சண்டை வீரர்களைவிடப் பழகாமல் ஓங்கிக் குத்தியவர்களுக்கே இது மிகுதியாக ஏற்படுகிறது. வீரர்கள் கையில் துணிப்பட்டை சுற்றிக் கையுறை அணிவதும் தங்கள் கை எலும்புகளைக் காத்துக்கொள்வதற்காகத்தான்.

ஆகவே உங்களுக்கு நான் முதலில் சொல்வது உள்ளங்கை அடி. மணிக்கட்டைப் பின்னுக்கு மடக்கி, விரல்களைச் சற்றே வளைத்துக்கொண்டால், மணிக்கட்டை ஒட்டிய சதைப்பற்றான மேடு முன்னால் வரும். அடி அந்த மேட்டில்தான் விழ வேண்டும். முழங்கையை வெளியே விரிக்காமல் விலாவை உரசியபடி கொண்டு வந்து, பின்காலால் தரையை உந்தி, முகவாய்க்கட்டைக்குக் கீழிருந்து மேல்நோக்கியோ மூக்கை நோக்கி நேராகவோ செலுத்துங்கள். இதில் முன்கை எலும்பின் நேர்கோட்டிலேயே விசை செல்வதால், முஷ்டியில் நேர்வதுபோல மணிக்கட்டு மடங்கிச் சுளுக்குவது குறைவு. ஷாங்காய் நகரக் காவல்துறையில் பணியாற்றி, இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்குப் பயிற்சியளித்த ஃபேர்பேர்ன், முகவாய்க்குக் கீழ் உள்ளங்கையால் தாக்கும் இந்த அடியைத் தம் பாடங்களில் முக்கியமாக வைத்திருந்தார். சில வாரங்களில் படைவீரர்களைத் தயார்ப்படுத்த வேண்டியிருந்தவருக்கே அது ஏற்றதாக இருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

நான் இதை விரும்புவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. இரு கைகளையும் மார்புக்கு முன்னே உயர்த்தி, உள்ளங்கை தெரிய, “கிட்ட வராதே, தள்ளிப் போ!” என்று உரக்கக் கத்துகிறீர்கள் அல்லவா? அந்த நிலையிலிருந்து கையை மடக்காமல், ஓங்காமல் அப்படியே அடிக்கலாம். சுற்றியிருப்பவர்களின் கவனமும் உங்கள் பக்கம் திரும்பும்.

அடுத்தது, முஷ்டியின் சுண்டுவிரல் பக்கத்தால் மேலிருந்து கீழே இடிப்பது. உரலில் உலக்கை போடும் அதே வீச்சுதான். உங்கள் மகளின் வகுப்பில் இதை ‘டெட்சுய்’ என்பார்கள். முஷ்டி மடக்கும்போது கட்டைவிரல் மற்ற விரல்களுக்குள் சிக்காமல் வெளியே இருக்கட்டும். கையைப் பிடித்து இழுப்பவனின் முன்கையிலும், பின்னாலிருந்து தோளைப் பற்றுபவனின் முகத்திலும் இதைப் பயன்படுத்தலாம். மிக நெருங்கிவிட்டால் முழங்கை. இந்த மூன்றுக்கு மேல் இப்போது எதுவும் வேண்டாம். கை குணமான பிறகு, நீங்கள் வழக்கமாகக் கொண்டு செல்லும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே பழகுங்கள். அடித்தவுடன் நாலடி ஓடுவதையும் சேர்த்தே பழகுங்கள்.

கேள்வி: வர்மப் புள்ளிகளில் தட்டினால் எதிரி சுருண்டுவிடுவான் என்கிறார்களே, அதைக் கற்றால் போதாதா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று 108 வர்மங்களைக் கூறும் அந்த மரபின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அதனாலேயே சொல்கிறேன்: ஆசானிடம் ஆண்டுக்கணக்கில் இருந்து கற்க வேண்டியதைப் படம் பார்த்துக் கற்க முடியாது. திமிறி அசையும் உடம்பில், இருட்டில், நடுங்கும் விரலால் சிறு புள்ளியைத் தேடுவதைவிட அகலமான உள்ளங்கையால் அகலமான இலக்கை அடிப்பதே நடக்கக்கூடியது.

கேள்வி: அடித்தால் வழக்கு நம் மீதே பாயுமா?
– வாசகி, சேலம்

பதில்: உடலைக் காத்துக்கொள்ளும் உரிமையை நம் நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தருகின்றன. ஆனால் தற்காப்புக்குத் தேவையான அளவை மீறிய தீங்குக்கு அந்த உரிமை இல்லை என்று 37-ஆம் பிரிவு வரம்பு கட்டுகிறது. விழுந்து கிடப்பவனை மீண்டும் அடிப்பதும் ஓடுபவனைத் துரத்தி அடிப்பதும் இந்த வரம்பைத் தாண்டிவிடக் கூடும். விலகி, வெளிச்சமும் ஆட்களும் இருக்கும் இடத்துக்கு வந்து 112-ஐ அழையுங்கள். எதிராளியின் பல் பட்டு உங்கள் கைமுட்டியில் சிறு கீறல் இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வாயிலுள்ள கிருமிகள் அந்தக் கீறல் வழியே மூட்டுக்குள் இறங்கிச் சீழ் பிடிக்க வைத்துவிடும்.