விலகிப் போனவருக்கு பேண்டின் பெயர் சொந்தமா?

கேள்வி: 2014-ல் சென்னையில் ஐந்து பேர் சேர்ந்து ஹெவி மெட்டல் பேண்ட் ஆரம்பித்தோம். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. பேஸ் கிட்டார் வாசித்தவர் 2018-ல் விலகிவிட்டார். மற்ற நால்வரும் அதே பெயரில் இன்றுவரை வாசிக்கிறோம். இப்போது அவர் பேண்டின் பெயரைத் தன் பெயரில் டிரேட் மார்க் பதிய விண்ணப்பித்திருக்கிறார். இரண்டு மாதம் முன்பு டிரேட் மார்க் ஜர்னலில் விளம்பரமும் வந்துவிட்டது. "ஆரம்பித்தவர்களில் நானும் ஒருவன்" என்கிறார். பெயர் யாருக்கு?

பதில்: பெயர் யாருக்கு என்பதைப் பேசும் முன் ஜர்னல் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியிலிருந்து நான்கு மாதத்துக்குள் டிஎம்-ஓ படிவத்தில் ஆட்சேபணை தாக்கல் செய்ய வேண்டும். ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு (பதிவில் பொருள், சேவைகளைப் பிரிக்கும் எண்) 2,700 ரூபாய். இந்தக் கெடுவை நீட்டித் தர மாட்டார்கள். தவறவிட்டால், பதிவான பிறகு டிரேட் மார்க் சட்டத்தின் பிரிவு 57-ன் கீழ் நீக்கக் கோர வேண்டியிருக்கும். அதற்கு ஆகும் காலமும் செலவும் பல மடங்கு.

இனி பெயர். இதே சிக்கல் இங்கிலாந்தின் சாக்ஸன் பேண்டுக்கு வந்தது. யார்க்‌ஷயர் பார்ன்ஸ்லியில் உருவான பேண்ட் அது. பாடகர் பிஃப் பைஃபோர்டு, கிட்டாரில் கிரஹாம் ஆலிவரும் பால் குவின்னும், பேஸில் ஸ்டீவ் டாசன், டிரம்ஸில் பீட் கில் என்பது பெயர் வாங்கித் தந்த அணி. டாசன் 1980-களின் நடுவில் போனார், ஆலிவர் 1995-ல் போனார். பிறகு இருவரும் சேர்ந்து 'சாக்ஸன்' பெயரைத் தங்களுக்கென்று பதிந்துகொண்டார்கள். நடுவில் விடாமல் அந்தப் பெயரில் பாடிவந்த பைஃபோர்டு எதிர்த்தார். டிரேட் மார்க் அலுவலகத்தில் தோற்றார். 2003-ல் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஹ்யூ லாடி முன் ஜெயித்தார்.

அந்தத் தீர்ப்பின் உயிர்நாடி இதுதான்: ஒப்பந்தம் இல்லாமல் சேர்ந்து வாசித்துச் சம்பாதிக்கும் பேண்ட், சட்டத்தின் பார்வையில் ஒரு பார்ட்னர்ஷிப். பெயரும் அதன் குட்வில்லும் (அந்தப் பெயர் சம்பாதித்த மதிப்பு) பார்ட்னர்ஷிப்பின் சொத்து. ஆளுக்கு ஒரு துண்டு என்று யாருக்கும் இல்லை. விலகுகிறவர் கணக்குப் பார்த்துப் பங்குப் பணம் கேட்கலாம். பெயரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இங்கே அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது, ஆனால் எடுத்துக்காட்டலாம். நம் 1932 பார்ட்னர்ஷிப் சட்டத்தின் பிரிவு 14-ம் குட்வில்லை நிறுவனச் சொத்து என்றே சொல்கிறது. உங்கள் நண்பர் பங்குப் பணம் கேட்டு வழக்குப் போடக்கூட பார்ட்னர்ஷிப் கலைந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் காலம். 2018-ல் விலகியவருக்கு அது முடிந்துவிட்டது.

"பார்ட்னர்ஷிப்பைப் பதியவில்லையே, வழக்குப் போட முடியாதே" என்று யாராவது பயமுறுத்தலாம். ஒப்பந்த உரிமைக்குத்தான் அந்தத் தடை. ஒருவர் பெயரை இன்னொருவர் தன்னுடையதாகக் காட்டி ஏமாற்றும் பாஸிங் ஆஃப் வழக்குக்குத் தடையில்லை என்று ஹல்திராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது.

அவருடைய விண்ணப்பத்தை இணையத்தில் திறந்து, எந்தத் தேதியிலிருந்து பெயரைப் பயன்படுத்துவதாகச் சொல்கிறார் என்று பாருங்கள். 2014 என்றிருந்தால் ஆதாரத்துக்கு உங்கள் ஐவரின் போஸ்டரைத்தான் இணைத்திருப்பார். அவர் கையாலேயே பெயர் கூட்டுச் சொத்து என்று ஒப்புக்கொண்டதாகிறது. 'இனிமேல் பயன்படுத்தப் போகிறேன்' என்றிருந்தால் உங்கள் முந்தைய பயன்பாடே போதும்.

இந்த வகை வழக்கு சரிவது பெரும்பாலும் ஆதாரத்தில். 2018-க்குப் பிந்தைய ஒவ்வொரு வருடத்துக்கும் ஏதாவது ஒன்று வேண்டும்: தேதி போட்ட போஸ்டர், நிகழ்ச்சி நடத்தியவர் அனுப்பிய வங்கி வரவு, டி-ஷர்ட் அச்சடித்த பில். இரண்டு வருடம் இடைவெளி விழுந்தால் "கைவிட்டுவிட்டார்கள்" என்பார். செல்போன் ஸ்க்ரீன்‌ஷாட்டை நீதிமன்றத்தில் வைக்க பாரதிய சாக்‌ஷிய அதிநியம் (இன்றைய சாட்சியச் சட்டம்) பிரிவு 63(4) சான்றும் வேண்டும். உங்கள் ஆட்சேபணைக்கு அவர் தரும் எதிர் அறிக்கை கைக்கு வந்த இரண்டு மாதத்தில் உங்கள் ஆதாரம் பிரமாண வாக்குமூலத்துடன் போகாவிட்டால் ஆட்சேபணையைக் கைவிட்டதாகவே கொள்வார்கள்.

கூடவே நால்வர் பெயரிலும் நீங்களே விண்ணப்பம் போடுங்கள்: மேடை நிகழ்ச்சிக்கு வகுப்பு 41, ஒலிப்பதிவுக்கு 9, டி-ஷர்ட்டுக்கு 25. தனிநபருக்கும் உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்று உள்ளவருக்கும் ஆன்லைனில் வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000.

இந்த முறையாவது ஒப்பந்தம் எழுதுங்கள். ஒருவர் விலகினாலும் பார்ட்னர்ஷிப் கலையாது, பெயர் தொடர்கிறவர்களுக்கே, விலகுகிறவருக்கு இந்த முறையில் பணம் என்று அதில் இருக்கட்டும். நீதிபதி லாடியும் தன் தீர்ப்பில் இதைத்தான் சொன்னார். புதிதாகச் சேர்கிறவரிடம் முதல் நிகழ்ச்சிக்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள்.