9 வருட இடைவெளிக்குப் பிறகு மீண்டும் வேலை: எதை எடுப்பது, கையிருப்பை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: எனக்கு 41 வயது. ஒரு நடுத்தர நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 6 வருடம் வேலை பார்த்தேன். இரண்டாவது குழந்தை பிறந்ததும் விட்டுவிட்டேன். 9 வருடம் ஓடிவிட்டது. கணவர் சம்பளத்தில் வீட்டுச் செலவு நடக்கிறது, மிச்சம் பெரிதாக இல்லை. என் பெயரில் இருக்கும் சேமிப்பு வீட்டின் 8 மாதச் செலவுக்கு வரும். கிரெடிட் கார்டில் ஒன்றரை மாதச் செலவு அளவுக்குக் கடன் நிற்கிறது. ஒரு பயிற்சி மையம் 6 மாதப் படிப்புக்கு 3 மாதச் செலவு அளவுக்குக் கட்டணம் கேட்கிறது. வேலை உறுதி என்கிறார்கள். இதற்கிடையில் இரண்டு இடங்களில் பேச்சு நடக்கிறது. ஒன்று தினமும் அலுவலகம் போய் வரும் வேலை, சம்பளம் எங்கள் மாதச் செலவில் 80 சதவீதம். மற்றது வீட்டிலிருந்தே ஒப்பந்த முறையில், 55 சதவீதம். எதை எடுக்கலாம்? சேமிப்பை எதில் போடலாம்? 50 வயதுக்குள் யார் கையையும் எதிர்பார்க்காத நிலைக்கு வர முடியுமா?

பதில்: தொகையைச் சொல்லாமல் மாதச் செலவை அளவாக வைத்து எழுதியிருக்கிறீர்கள். எந்த நாட்டுப் பணத்துக்கும் பொருந்தும் கணக்கு அது. நானும் அப்படியே எழுதுகிறேன்: வீட்டின் ஒரு மாதச் செலவு 100.

முதலில் கடன். கார்டு வட்டி மாதம் 3 சதவீதம் என்றால் கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். வட்டிக்கு வட்டி சேர்ந்தால் வருடத்துக்கு 42 சதவீதத்துக்கும் மேல். குறைந்தபட்சத் தொகையாக 5 சதவீதம் கட்டினால் அதில் 3 வட்டிக்கே போய், அசலில் 2தான் குறையும். இந்த வட்டியைத் தாண்டி லாபம் தரும் முதலீட்டை நம்பகமாக யாரும் காட்ட முடியாது. ஆகவே 8 மாதக் கையிருப்பிலிருந்து ஒன்றரை மாதத்தை எடுத்து இன்றே அடைத்துவிடுங்கள். அடைத்த பிறகு அடுத்த பில் வரும்வரை காத்திருங்கள். பில் தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் நடுவில் ஓடிய வட்டி சிறு பாக்கியாக வரும். அதைக் கவனிக்காமல் விட்டால் தாமதக் கட்டணம் ஏறி, கடன் வரலாற்றிலும் கறை விழும்.

மிச்சம் ஆறரை மாதம். அதில் ஒரு மாதம் வேலையில் சேரும் செலவுக்கு: கணினி, பயணம், உடை, குழந்தைகளுக்கான ஏற்பாடு. முதல் சம்பளம் கைக்கு வர 30 முதல் 45 நாள் ஆகலாம், செலவோ முதல் நாளே தொடங்கிவிடும். இதற்கென்று தனியாக ஒதுக்காதவர்கள்தான் மறுபடி கார்டை எடுக்கிறார்கள்.

மீதி ஐந்தரை மாதம் அவசர நிதி. ஒன்றரை மாதம் சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். நாலு மாதத்தை நாலு வைப்பு நிதிகளாகப் பிரித்து, மூன்று மாத இடைவெளியில் முதிர்வு வருகிற மாதிரி போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை முன்கூட்டி முடித்தாலும் வட்டி இழப்பு அந்த ஒன்றோடு நிற்கும். சேமிப்பை எதில் போடுவது என்ற கேள்விக்கு இப்போதைக்கு இதுதான் பதில். பங்கு, நிலம், தங்கம் என்ற பேச்சே இந்தப் பணத்துக்கு வேண்டாம். முதலீடு வரப்போகும் சம்பளத்திலிருந்து நடக்கட்டும்.

இப்படிப் பிரித்துப் பார்த்தால் பயிற்சி மையத்துக்குக் கொடுக்க 3 மாதச் செலவு உங்களிடம் இல்லை. இருந்தாலும் கொடுக்கச் சொல்ல மாட்டேன். ‘வேலை உறுதி’ என்ற சொல் ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று படியுங்கள். பெரும்பாலும் நேர்காணலுக்கு அனுப்புவோம் என்பதோடு முடிந்துவிடும். தவணையில் கட்டலாம் என்றால், தவணை ஒப்பந்தம் மையத்தோடா, வேறு கடன் நிறுவனத்தோடா என்று பாருங்கள். கடன் நிறுவனத்தோடு என்றால் படிப்பைப் பாதியில் விட்டாலும் தவணை நிற்காது.

அதற்குப் பதில் இதைச் செய்யுங்கள். உங்களுக்குப் பொருந்தும் 10 வேலை விளம்பரங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் கேட்டிருக்கும் மென்பொருளையும் திறனையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஆறுக்கு மேற்பட்ட விளம்பரங்களில் வருவதை மட்டும் படித்தால் போதும். கணக்குப் பிரிவு வேலைக்கு அது அநேகமாக ஒரு கணக்கு மென்பொருள், விரிதாளில் (எக்செல் போன்றது) தேடல் சூத்திரங்கள், பிவட் டேபிள் (நீண்ட பட்டியலைத் தொகுத்துக் கூட்டிக் காட்டும் வசதி), வங்கிக் கணக்குச் சரிபார்ப்பு என்ற அளவில் நிற்கும். தினம் ஒன்றரை மணி நேரம் வைத்தால் இரண்டு மாதத்தில் கை பழகிவிடும்.

பழகும் விதம் முக்கியம். காணொளி பார்த்துக்கொண்டே இருந்தால் கை பழகாது. 200 வரி கொண்ட ஒரு மாத வங்கிப் பட்டியலை நீங்களே தயாரியுங்கள். அதற்கு ஈடான பேரேட்டை (நிறுவனத்தின் சொந்தக் கணக்குப் பதிவு) எழுதி, அதில் வீட்டில் ஒருவரை விட்டு 6 பிழைகளைச் செருகச் சொல்லுங்கள். எங்கே என்று உங்களுக்குச் சொல்லக் கூடாது. பிறகு சரிபாருங்கள். பழைய ஞாபகம் தானாக வரும்: இரண்டின் மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம், 540ஐ 450 என்று எழுதியது போல. வித்தியாசத்தைப் பாதியாக்கினால் வரும் தொகை பட்டியலில் இருந்தால், அதைப் பற்றுக்குப் பதில் வரவில் எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். நேர்காணலில் “விரிதாள் தெரியும்” என்று சொல்வதைவிட இப்படித் தேடிக் கண்டுபிடித்த கோப்பைத் திறந்து காட்டினால் பேச்சே மாறும்.

இடைவெளியை மறைக்க வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். சுயவிவரத்தில் ஒரு வரி, நேர்காணலில் மூன்று வாக்கியம்: “9 வருடம் குடும்பப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டேன். கடந்த சில மாதங்களில் இந்த மென்பொருளையும் சரிபார்ப்பு வேலையையும் பழகியிருக்கிறேன், கோப்பு கையில் இருக்கிறது. இப்போது தொடர்ந்து வேலை பார்க்க ஏற்பாடுகள் செய்துவிட்டேன்.” அதற்கு மேல் விளக்கம் நீண்டால், கேட்பவருக்கு இல்லாத சந்தேகமும் வரும். வேலைக்குத் திரும்புகிறவர்களுக்கென்றே சில பெரிய நிறுவனங்கள் தனித் திட்டம் வைத்திருக்கின்றன. 2008இல் கோல்ட்மேன் சாக்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி தொடங்கியது அவற்றில் பெயர் பெற்ற ஒன்று. உங்கள் துறையில் அப்படி இருந்தால் விண்ணப்பியுங்கள். ஆனால் அதை நம்பி நடந்துகொண்டிருக்கும் பேச்சை நிறுத்தாதீர்கள்.

சம்பளம் பேசும்போது பெரும்பாலானோர் சறுக்குவது ஒரே இடத்தில்: “முன்னாடி வாங்கினது கொடுத்தா போதும்.” விலைவாசி வருடம் 5 சதவீதம் ஏறியிருந்தால், 9 வருடத்துக்கு முந்தைய 100க்கு இன்று ஈடு 155. பழைய தொகையையே கேட்டால், உங்கள் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீங்களே குறைத்துக்கொண்டு உட்காருகிறீர்கள். இந்தப் பதவிக்கு ஒதுக்கியிருக்கும் வரம்பு என்ன என்று முதலில் அவர்களைக் கேளுங்கள். வற்புறுத்தினால் ஒரு வீச்சைச் சொல்லுங்கள். அதன் கீழ் எல்லை உங்களுக்கு உண்மையிலேயே சம்மதமான தொகையாக இருக்கட்டும், ஏனென்றால் அவர்கள் காதில் விழுவது அதுதான்.

இனி அந்த இரண்டு வேலை. நீங்கள் எழுதியதை வைத்தும், எழுதாததை நடைமுறையில் வரும் அளவில் வைத்தும் போட்டிருக்கிறேன். உங்கள் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

அலுவலக வேலை: சம்பளம் 80. வரி, பிடித்தம் 8. பயணம் 7. பள்ளி முடிந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள 9. வெளியில் சாப்பாடு, உடை 4. கையில் நிற்பது 52. அலுவலகத்தில் 9 மணி நேரம், பயணம் இரண்டரை மணி நேரம் என்றால் 22 நாளுக்கு 253 மணி.

வீட்டு வேலை: 55இல் வரி 3, இணையம், மின்சாரம், கணினித் தேய்மானம் 3. கையில் 49. நாளுக்கு 7 மணி நேரம், மாதம் 154 மணி.

80க்கும் 55க்கும் இருந்த தூரம் 52க்கும் 49க்கும் வந்துவிட்டது. மணிக்கணக்கில் பார்த்தால் வீட்டு வேலைதான் முன்னால் நிற்கிறது. நிறையப் பேர் இங்கேயே கணக்கை மூடிவிடுவார்கள். ஆனால் ஒப்பந்த வேலையில் விடுப்புக்குச் சம்பளம் கிடையாது. வருடத்தில் 11 மாதம் வந்தால் நல்லது. ஓய்வூதியத்துக்கு முதலாளி பங்கு இல்லை, மருத்துவக் காப்பீடு இல்லை. 11 மாதத்துக்கு 539. அலுவலகத்தில் 12 மாதத்துக்கு 624, முதலாளியின் ஓய்வூதியப் பங்கு 5 சதவீதம் என்று வைத்தால் இன்னொரு 48. இடைவெளி வருடத்துக்கு 133, அதாவது ஒன்றேகால் மாதச் செலவுக்கும் கொஞ்சம் மேல். குழந்தைகள் வளர வளர அந்த 9 செலவும் நின்றுவிடும்.

என் சாய்வு அலுவலக வேலையின் பக்கம். காரணம் இந்த வருடப் பணம் அல்ல. 9 வருடம் கழித்து வருகிறவருக்கு முதல் வேலையின் பெரிய பலன், சுயவிவரத்தில் ஏறும் புதிய வரியும், நாளை உங்களுக்காக ஒரு வார்த்தை சொல்லும் மேலாளரும், அடுத்த சம்பளத்துக்கு அடித்தளமும்தான். ஆனால் இரண்டு விஷயம் கேட்டுவிட்டுச் சேருங்கள். வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து பார்க்க முடியுமா என்பது ஒன்று. சேருவதற்கு முன்புதான் இதற்கு மதிப்பு, சேர்ந்த பிறகு சலுகையாகிவிடும். இந்த இடத்தில் முன்பு இருந்தவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பது இன்னொன்று. மேலே போயிருந்தால் நல்லது. வருடா வருடம் ஆள் மாறிக்கொண்டே இருந்தால், பேசாமல் வீட்டு வேலையை எடுத்து, மிச்சமாகும் நேரத்தில் அடுத்ததைத் தேடுங்கள். 18 மாதத்துக்கு மேல் அதில் தங்க வேண்டாம்.

சேர்ந்த பிறகு வரும் ஆபத்து வேறு. இரண்டாவது சம்பளம் வந்ததும் பெரிய வீடு, புதிய வண்டி என்று தவணைகள் வந்து உட்காரும். தகுதிகாண் காலம் முடியும்வரை எந்தத் தவணையும் எடுப்பதில்லை என்று கணவரோடு இப்போதே பேசி வையுங்கள். சம்பளம் உங்கள் தனிப் பெயரிலுள்ள கணக்குக்கு வரட்டும். வந்த மறுநாளே, 52இல் 40 தானாக முதலீட்டுக் கணக்குக்கு மாறும்படி உத்தரவு கொடுத்துவிடுங்கள். மீதி 12 உங்கள் கைச்செலவுக்கும் எதிர்பாராததற்கும்.

50 வயதில் முடியுமா என்றால், முடியாது. கணக்கைப் பாருங்கள். 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க ஆலோசகர், அந்நாட்டின் பழைய சந்தைத் தரவுகளை வைத்து, முதல் வருடம் சேமிப்பில் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக்கொண்டே போனாலும் 30 வருடம் தாங்கும் என்று காட்டினார். வருடச் செலவைப் போல் 25 மடங்கு என்ற இலக்கு அங்கிருந்து வருவது. விலைவாசி போக 3 சதவீத வளர்ச்சி என்று வைத்தால், 9 வருடத்தில் 25 மடங்கு சேர வருடந்தோறும் கிட்டத்தட்ட இரண்டரை வருடச் செலவைச் சேமிக்க வேண்டும். உங்கள் 40ஐ வைத்து அது நடக்காது.

60 என்று வைத்தால் 19 வருடம் இருக்கிறது. அதே 3 சதவீதத்தில், வருடந்தோறும் 1 சேமித்தால் 19 வருட முடிவில் சுமார் 25 ஆகும். இதைப் பெருக்கம் என்று வைத்துக்கொள்வோம். மாதச் செலவில் எத்தனை பங்கைச் சேமிக்கிறீர்களோ, அதை 25ஆல் பெருக்கினால் கடைசியில் கையில் இருக்கும் வருடச் செலவு கிடைக்கும். 40 சதவீதம் சேமித்தால் 10 வருடச் செலவு, 50 என்றால் பன்னிரண்டரை. சம்பளம் ஏறும்போது சேமிப்பையும் விலைவாசி அளவுக்காவது ஏற்றினால்தான் இது பொருந்தும். 3 வருடம் தள்ளித் தொடங்கினால் பெருக்கம் 25லிருந்து 20க்கு இறங்கிவிடும். பயிற்சி, சரியான வேலை என்று காத்திருப்பதன் விலை அது.

ஆக, வீட்டின் வருடச் செலவைப் போல் 25 மடங்கு என்ற இலக்கில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக உங்கள் பங்கு வரும். மிச்சம் கணவரின் ஓய்வூதியச் சேமிப்பிலிருந்து வர வேண்டும், அதில் எவ்வளவு இருக்கிறது என்பதை இருவரும் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். அதே சமயம், வேலை போனாலும் ஐந்தரை மாதம் தாங்கும் நிதி, உங்கள் சொந்தச் செலவை உங்கள் சம்பளமே பார்த்துக்கொள்ளும் நிலை, இந்த இரண்டும் முதல் வருடத்திலேயே கைக்கு வந்துவிடும். யார் கையையும் எதிர்பார்க்காமல் என்று நீங்கள் எழுதியதில் பெரும்பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

முதலீட்டுக்கு, கட்டணம் குறைந்த குறியீட்டு நிதியையும் (பங்குச் சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கி வைக்கும் நிதி), பாதுகாப்பான கடன் பத்திரத்தையோ வைப்பையோ கலந்து வைத்தால் போதும். வருடக் கட்டணம் 1.2 சதவீதம் கூடுதலாக இருந்தால், மேலே சொன்ன 25 என்ற பெருக்கம் 22 ஆகிவிடும். காப்பீடும் சேமிப்பும் ஒன்றாகச் சேர்ந்த திட்டத்தை யாராவது கொண்டுவந்தால் வாங்க வேண்டாம். ஆயுள் காப்பீடு தேவை என்றால் தனியாக டேர்ம் பாலிசி (சேமிப்பு கலக்காத, குறிப்பிட்ட காலத்துக்கான காப்பீடு) எடுங்கள்.

கடைசியாக, கேள்வியில் நீங்கள் குறிப்பிடாத ஒன்று: 6 வருடம் வேலை பார்த்தபோது ஓய்வூதியக் கணக்கில் பிடித்தம் நடந்திருக்கும். அதை எடுத்தீர்களா? எடுக்கவில்லை என்றால் இப்போது தேடுங்கள். பழைய சம்பளச் சீட்டில் கணக்கு எண் இருக்கும். சிக்கல் வழக்கமாக நாலு இடத்தில் வரும்: பெயரில் ஓர் எழுத்து அடையாள அட்டையோடு ஒத்துப்போகாது, பிறந்த தேதி மாறியிருக்கும், பதிவு செய்த கைபேசி எண் இப்போது இருக்காது, வேலையை விட்ட தேதியை நிறுவனம் பதிவு செய்திருக்காது. புதிய வேலையில் சேரும் முன்பே பழைய நிறுவனத்துக்கு எழுதி விலகிய தேதியைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நிறுவனமே மூடிவிட்டதென்றால் கடைசிச் சம்பளச் சீட்டையும் பணி விடுவிப்புக் கடிதத்தையும் இணைத்து ஓய்வூதிய நிதி அலுவலகத்துக்கு நேரடியாக விண்ணப்பியுங்கள். சரியானதும் பணமாக எடுத்துவிடாமல், விதிகள் இடம் கொடுத்தால் புதிய நிறுவனத்தின் கணக்கோடு சேர்த்துவிடுங்கள்.