வாசகர் கேள்வி: மருத்துவமனைகள் போட்டி போட்டால் கட்டணம் குறையுமா?

கேள்வி: போட்டியால் செல்போன் கட்டணம் குறைந்தது போல, மருத்துவத்தையும் முழுக்கத் தனியாரிடம் விட்டுவிட்டால் செலவு தானாகக் குறையும் என்றும், அரசு மருத்துவமனைகளுக்கு ஒதுக்குவது வரிப்பணத்தை வீணடிப்பதே என்றும் என் மைத்துனர் வாதிடுகிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? (வாசகர், திருமங்கலம்)

பதில்: போட்டியால் விலை குறைய வேண்டுமானால், வாங்குகிறவருக்கு விலை முன்கூட்டியே தெரிய வேண்டும், கட்டுப்படியாகாவிட்டால் வேறு இடம் பார்க்க அவகாசமும் வேண்டும். பக்கவாதம் வந்து பேச்சு குழறும் தந்தையை நள்ளிரவில் மேலூரிலிருந்து ஆம்புலன்ஸில் கொண்டுவரும் மகனுக்கு இவை இரண்டுமே கிடையாது. கேட்ட முன்பணத்தைக் கட்டிவிட்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். எந்த ஸ்கேன் எடுப்பது, எத்தனை நாள் ஐ.சி.யு.வில் வைப்பது என்பதை விற்கிறவரே தீர்மானிக்கிறார். நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே உள்ள இந்த அறிவு இடைவெளியால் மருத்துவம் மற்றச் சந்தைகளைப் போல இயங்காது என்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-லேயே எழுதினார்.

இதயக் குழாயில் வைக்கும் ஸ்டென்ட்டின் கதையை உங்கள் மைத்துனரிடம் சொல்லுங்கள். அதைத் தயாரிக்கும் நிறுவனங்கள் பல, போட்டிக்குக் குறைவில்லை. ஆனால் எந்த ஸ்டென்ட்டை வைப்பது என்று தேர்ந்தெடுப்பது மருத்துவமனை. பணம் கட்டுவது நோயாளி. ஆகவே யார் மருத்துவமனைக்கு அதிக லாபம் விட்டுக்கொடுப்பது என்பதில்தான் அந்தப் போட்டி நடந்தது. மருத்துவமனை அளவில் லாபம் 654 சதவீதம் வரை போயிருந்ததைத் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையத்தின் கணக்கே காட்டியது. 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய், சாதாரண ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய் என்று ஆணையம் உச்சவரம்பு விதித்த பிறகே விலை இறங்கியது.

மதுரைப் பக்கத்தில் இப்படிப் பேசினால், அரசு சாராமலே குறைந்த செலவில் சிகிச்சை தரும் அரவிந்த் கண் மருத்துவமனையைக் காட்டி அவர் உங்களை மடக்கக்கூடும். அந்தச் சாதனை உண்மையானது. 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. 1992-ல் ஆரோலேப் என்ற தயாரிப்புப் பிரிவைத் தொடங்கி, வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வந்துகொண்டிருந்த கண் லென்ஸை இங்கேயே மலிவாகத் தயாரிக்கவும் செய்தார்கள். ஆனால் அது லாபத்துக்காக நடத்தப்படும் நிறுவனம் அல்ல, அறக்கட்டளை. கண்புரை அறுவை சிகிச்சையோ, செலவை விசாரித்து, நாள் பார்த்துச் செய்துகொள்ளக்கூடியது. நிறுவனர் டாக்டர் ஜி.வெங்கடசாமி அதற்கு முன் அரசின் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராக இருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அரசு செய்வதெல்லாம் வீண் என்பதற்கும் நேரடியான மறுப்பு உண்டு. 1994-ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுவதற்குமான மருந்துகளை டெண்டர் மூலம் மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியாக அனுப்புகிறது. மொத்தமாக வாங்குகிறவரிடம் விற்பவர்கள் போட்டி போட்டுத்தான் ஆக வேண்டும் என்பதால், உங்கள் மைத்துனர் விரும்பும் போட்டி அங்கே உண்மையாகவே நடக்கிறது. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தரும் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்டிருக்கும்.

அங்கே வரிசை நீளம் என்பதும், ஸ்கேனுக்குக் காத்திருக்க வேண்டும் என்பதும், உடன் வருகிறவர்கள் தாழ்வாரத்தில் படுத்துக் கிடக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். மனம் பொறுக்காத காட்சிகள்தான். அதற்கு மருந்து, மேலும் செவிலியர்களும் மருத்துவர்களும் படுக்கைகளும்; இழுத்து மூடுவது அல்ல. பனகல் சாலையில் ராஜாஜி மருத்துவமனையின் இலவச வாசல் திறந்திருப்பதால்தான், தனியாரிடம் போகிறவருக்கும் 'கட்டுப்படியாகாது, அங்கே போகிறேன்' என்று சொல்ல ஒரு வழி மிஞ்சுகிறது.

கேள்வி: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் போதாதா? (வாசகி, உசிலம்பட்டி)

பதில்: போதாது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்பது பெரிய ஆதரவு. ஆனால் திட்டப் பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, அதில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் மட்டுமே அது செல்லும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரைகளுக்கு உதவாது. அவற்றுக்கு ஆரம்ப சுகாதார நிலையமும், 2021-ல் தொடங்கிய, வீடு தேடி வந்து மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும்தான் துணை. தனியார் மருத்துவமனையில் சேரும் முன், அங்குள்ள காப்பீட்டுத் திட்டக் கவுன்ட்டரில் உங்கள் சிகிச்சை பட்டியலில் உள்ளதா, தனியாகப் பணம் கட்ட வேண்டியிருக்குமா என்று தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.