‘ஃபால்ஸ்’ என்று கொடுத்தும் டார்கெட் ஏன் ஓடுகிறது?

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ரப்பர் ஷீட் வியாபாரிகளுக்கான பில்லிங் மென்பொருளைத் தமிழிலும், களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் உள்ள கடைகளுக்கு மலையாளத்திலும் தருகிறோம். நிரலைத் தொகுத்துப் பொட்டலமாக்கும் கருவியான ஆன்ட்டின் பில்ட் ஃபைலில் ‘மலையாளம்’ என்ற ப்ராப்பர்ட்டிக்கு (பெயரிட்டு வைக்கும் மதிப்பு) ஃபால்ஸ் கொடுத்தாலும் மலையாளத் திரைகள் சேர்ந்துவிடுகின்றன. குலசேகரம் கடைக்காரர் ஒருவருக்கு அப்படியே போய்விட்டது. ஸ்கிரிப்ட் எழுதித் தந்தவர் சரிசெய்யத் தனியாகப் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம், தம்பி. இது நீங்களே அரை மணி நேரத்தில் முடிக்கக்கூடிய வேலை.

டார்கெட் என்பது பில்ட் ஃபைலில் ஒரு பெயரின் கீழ் சேர்த்துவைத்த வேலைகளின் தொகுப்பு. அதில் போடும் ‘இஃப்’, அந்தப் பெயரில் ப்ராப்பர்ட்டி ஒன்று இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். உள்ளே என்ன மதிப்பு என்று பார்க்காது. பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காக, எதிரே ‘வரவில்லை’ என்று எழுதியிருந்தும் பந்தியில் இலை போட்டுவிடுகிற ஆள் மாதிரி. ஃபால்ஸ் என்று கொடுத்தபோதே பெயர் பட்டியலில் ஏறிவிட்டது.

‘கண்டிஷன்’ என்ற டாஸ்க் (ஒரு வேலையைச் செய்யும் கட்டளை) ஒன்றை எழுதுங்கள். அதற்குள் இரண்டு மதிப்புகளை ஒப்பிடும் ‘ஈக்வல்ஸ்’ வைத்து, மலையாளத்தின் மதிப்பு ட்ரூ என்றால் மட்டும் ‘மலையாளம்.வேண்டும்’ என்ற புதிய ப்ராப்பர்ட்டி பிறக்கும்படி செய்யுங்கள். டார்கெட்டின் இஃப்பில் அந்தப் புதுப் பெயரைப் போடுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்துவிடாதீர்கள். ஆன்ட்டில் ஒரு ப்ராப்பர்ட்டிக்கு முதலில் விழுந்த மதிப்புதான் கடைசிவரை நிற்கும், பிறகு மாற்ற முடியாது. உங்கள் ஆன்ட் 1.8 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் இன்னும் சுருக்கமான வழி உண்டு: இஃப்பில் வெறும் பெயருக்குப் பதில் டாலர் குறியும் நெளிவு அடைப்பும் போட்டு எழுதினால், ட்ரூவா ஃபால்ஸா என்று மதிப்பையே பார்க்கும்.

இதோடு விட்டுவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் அடுத்து மாட்டுவது ‘டிபென்ட்ஸ்’ஸில், அதாவது ஒரு டார்கெட்டுக்கு முன்பே ஓட வேண்டிய டார்கெட்டுகளின் பட்டியலில். ஒரு டார்கெட்டின் டிபென்ட்ஸில் உள்ளவை எல்லாம் ஓடி முடிந்த பிறகுதான் அதன் இஃப்பை ஆன்ட் பார்க்கும். மலையாளத் திரை டார்கெட், மலையாள எழுத்துருக்களைச் சேர்க்கும் இன்னொரு டார்கெட்டை நம்பியிருக்கிறது என்று வையுங்கள். திரை டார்கெட் ஓடாமல் நின்றாலும் எழுத்துருக்கள் பொட்டலத்துக்குள் போயிருக்கும். ஆகவே அந்த இன்னொரு டார்கெட்டுக்கும் அதே இஃப் தனியாக வேண்டும். நாம் எழுதிய கண்டிஷனோ இவை இரண்டுக்கும் முன்பே ஓடியாக வேண்டும். அதைத் தனி டார்கெட்டாக்கி, இரண்டின் டிபென்ட்ஸிலும் முதல் ஆளாக நிறுத்துங்கள். இடமிருந்து வலமாகத்தான் ஓடும். இந்த வரிசை தவறினால் மேலே சொன்னது எதுவும் வேலைக்கு ஆகாது.

அப்புறம், பணம் கேட்கிற அந்த நபர். அவர் எழுதியதில் ‘அவெய்லபிள்’ என்ற டாஸ்க் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஒரு கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும் நல்ல கருவி அது. ஆனால் தன் மடிக்கணினியில் மட்டும் இருக்கும் ஒரு கோப்பை அதில் எழுதிவைத்து, மற்ற கணினிகளில் பில்ட் பாதியில் நிற்கும்படி செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இவரும் அப்படிச் செய்திருந்தால் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அவரைக் கூப்பிட வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். ‘ஆன்ட்-கான்ட்ரிப்’ என்ற கூடுதல் டாஸ்க் தொகுப்பைச் சேர்த்து இஃப்-எல்ஸ் போட்டுத் தருகிறேன், அதற்கு உரிமக் கட்டணம் என்றும் சொல்வார்கள். அது இலவசம். உங்கள் வேலைக்கு அது தேவையும் இல்லை.

இவர்கள் பிழைப்பு நடப்பதற்குக் காரணம் நம் படிப்புதான். நான்கு வருடம் பொறியியல் படிக்கவைத்து, ஒரு பில்ட் ஸ்கிரிப்டைக்கூடக் கையால் எழுதவைக்காமல் அனுப்புகிறார்கள். இறுதியாண்டு ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கி, பைண்ட் போட்டுக் கொடுத்தால் மதிப்பெண் கிடைக்கிறது. வேலைக்கு எடுக்கும் நிறுவனமும் சொல்லித் தருவதில்லை. கடைசியில் திட்டு வாங்குவது உங்களைப் போன்ற பிள்ளைகள். எனக்கு இதில் பொறுமை போய்விட்டது.

சரி, மாற்றி முடித்ததும், நடப்பதை விவரமாகக் காட்டவைக்கும் ‘வெர்போஸ்’ சேர்த்து ஆன்ட்டை ஓட்டுங்கள். மலையாள டார்கெட்டுகள் எந்த ப்ராப்பர்ட்டி இல்லாததால் தவிர்க்கப்பட்டன என்று ‘ஸ்கிப்ட்’ வரிகளில் காட்டும். பிறகு பில்ட் முடிவில் கிடைக்கும் பொட்டலமான ஜார் கோப்பை ஜிப் போலத் திறந்து, மலையாளக் கோப்பு ஒன்றுகூட உள்ளே இல்லை என்று கண்ணால் பார்த்த பின்பே குலசேகரத்துக்கு அனுப்புங்கள்.