இடது வளைவில் கோடு தாண்டும் மோட்டார்: டிரேக் கைகொடுக்குமா?

பீடோர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "யமஹா ஒய்15 மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறேன். தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும்போது இடது வளைவுகளில் மோட்டார் நடுக்கோட்டைத் தாண்டி விடுகிறது. டிரேக்கில், அதாவது பந்தயத் தடத்தில், ஓட்டிப் பழகினால் சரியாகும் என்கிறார்கள் கூட்டாளிகள். காசு செலவழித்துப் போகலாமா?"

தாராளமாகப் போங்கள் தம்பி. ஆனால் வேகம் பழக வேண்டாம், கண்ணைப் பழக்கப் போங்கள்.

முதலில், கோடு ஏன் தாண்டுகிறது? 30 மீட்டர் ஆரமுள்ள வளைவை 50 கிலோமீட்டர் வேகத்தில் எடுத்தால் சுமார் 33 டிகிரி சாய வேண்டும். 60-இல் போனால் 43 டிகிரி. பத்து கிலோமீட்டர்தானே என்று உள்ளே நுழைகிறோம், அவ்வளவு சாய உடம்பு துணியாது. பயத்தில் கை இறுகுகிறது, பிரேக்கைப் பிடிக்கிறோம், மோட்டார் நிமிர்ந்து நேராகப் போகிறது. அப்போது எதிரே காய்கறி லோரி இறங்கி வந்தால் கண் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். கண் போகும் பக்கம்தான் மோட்டாரும் போகும். இதுதான் உயிரை வாங்குவது.

டிரேக்கில் எதிரே வண்டி வராது. அதே வளைவு சில நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். மலைச் சாலையில் ஒரு தப்பைத் திருத்திக்கொள்ள அந்த வளைவு மறுபடி கிடைப்பதில்லை. செப்பாங் பந்தயத் தடம் 5.543 கிலோமீட்டர் நீளம், 15 வளைவுகள். நல்ல இடம்தான். ஆனால் 150 சிசி மோட்டாருக்கு அதன் நீண்ட நேர்ப்பாதைகளில் பாதி நேரம் வீணாகும். மோட்டாரை அனுமதிக்கும் சின்ன கோ-கார்ட் தடம் கிடைத்தால் அதையே எடுங்கள்.

முதல் சுற்றுகளில் யாரையும் முந்த வேண்டாம். ஒரே கியரில் ஓட்டுங்கள். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஓர் அடையாளத்தைக் குறித்துக்கொண்டு, அங்கேயே பிரேக்கை முடித்துவிடுங்கள். பிறகு தலையைத் திருப்பி வெளியேறும் இடத்தைப் பாருங்கள். இடது பக்கம் திரும்ப, இடது கைப்பிடியை மெல்ல முன்னால் தள்ளுங்கள். கேட்க முரணாக இருக்கும், செய்து பார்த்தால் மோட்டார் உடனே இடது பக்கம் சாயும். முழங்கையைத் தளர விடுங்கள். வெளியேறும் இடம் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் திரோட்டலை (வேகம் கூட்டும் கைப்பிடியை) மெதுவாகத் திறக்க வேண்டும். அப்புறம், பயிற்சியாளர் ஒருவரை உங்களையே கவனிக்கச் சொல்லுங்கள். நம் கண் எங்கே போகிறது என்பது நமக்குத் தெரியாது.

ஒன்றை மட்டும் டிரேக்கிலேயே விட்டுவிட்டு வாருங்கள்: பாதையின் முழு அகலத்தையும் பயன்படுத்தும் பழக்கம். சாலையில் வலது வளைவில் நடுக்கோட்டை ஒட்டிச் சாய்ந்தால், டயர் நம் பக்கம் இருந்தாலும் தலை எதிர்ப்பக்கம் போய்விடும். நம் தோட்டச் சந்திப்புகளில் லோரி டயரில் ஒட்டி வந்த செம்மண்ணும் செம்பனை உதிரிப் பழமும் கிடக்கும், அதெல்லாம் டிரேக்கில் இல்லை. அதனால் மலையில், டிரேக்கில் எடுத்த வேகத்தை விட நன்றாகக் குறைத்தே வளைவுக்குள் நுழையுங்கள். வளைவின் முடிவு கண்ணில் படும்வரை கோட்டிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளியே ஓட்டுங்கள்.