பவர் ஸ்டீரிங் ஹோஸ்: நாமே மாற்றலாமா?

2008 இன்னோவா. நிறுத்துகிற இடத்தில் சிவப்பாகச் சொட்டுகிறது. எந்த ஹோஸ் (எண்ணெய் ஓடும் ரப்பர் குழாய்) என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மேனுவல் கியர் வண்டி (ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சிவப்புதான்), சொட்டுவதும் தண்ணீர் மாதிரி கூலன்ட் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு என்றால் அந்தச் சிவப்பு பெரும்பாலும் ஸ்டீரிங் ஆயில்தான். முதலில் டீசல் தொட்ட துணியால் எல்லாவற்றையும் பளிச்சென்று துடையுங்கள், பிறகு இன்ஜினை ஓடவிட்டு வீட்டில் ஒருவரை ஸ்டீரிங்கைத் திருப்பச் சொல்லி டார்ச் அடித்துப் பாருங்கள். முக்கால்வாசி நேரம் ரப்பரும் இரும்புக் குழாயும் சேருகிற இடத்தில்தான் கசியும். விரலால் தடவித் தேடாதீர்கள். ஊசி மாதிரிப் பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். அட்டைத் துண்டைக் காட்டுங்கள், நனையும்.

பிரஷர் ஹோஸில் (பம்பிலிருந்து அழுத்தத்தோடு எண்ணெய் போகிற குழாய்) ஓட்டையான இடத்தை வெட்டி, நடுவில் சின்னப் பைப் வைத்து கிளிப் போட்டால் போதும் என்கிறார் நண்பர்...

நண்பர் வண்டியில் போடச் சொல்லுங்கள். டயரில் இருப்பது இரண்டு பார் (அழுத்த அளவு) சொச்சம் காற்று. இந்த ஹோஸில் ஸ்டீரிங்கை முழுக்க ஒடிக்கும்போது 70, 80 பார் வரை ஏறும். கிளிப் எல்லாம் எண்ணெய் டப்பாவுக்குத் திரும்பி வருகிற ரிட்டர்ன் ஹோஸுக்குத்தான். கழன்றால் எண்ணெய் சூடான சைலன்சர் குழாயில் விழும், தீப்பிடிக்கவும் செய்யும். புது ஹோஸ் கிடைக்காவிட்டால் ஜேசிபிக்கு ஹைட்ராலிக் ஹோஸ் அடித்துத் தருகிற கடைக்குப் பழையதைக் கொண்டுபோங்கள், பவர் ஸ்டீரிங்குக்கு என்று சொல்லியே கேளுங்கள். அப்புறம், இரண்டு முனையும் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பெயின்ட்டால் கோடு போட்டுக் கொடுங்கள். நான் ஒருமுறை கோடு போடாமல் கொடுத்து, முறுக்கிக்கொண்ட ஹோஸை எப்படியோ திணித்து மாட்டி, பத்தே நாளில் அது பிராக்கெட்டில் உரசித் தேய்ந்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

ஹோஸைக் கழற்றும்போது நட் மழுங்கிவிட்டது.

சாதாரண டபுள் எண்ட் ஸ்பேனர் இரண்டு பக்கத்தைத்தான் பிடிக்கும், அதனால் வந்த வினை. ஃப்ளேர் நட் ஸ்பேனர் (குழாய் நட்டைச் சுற்றிப் பிடிப்பது) கேட்டு வாங்குங்கள். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். பம்ப் பக்கம் போல்ட் வைத்த இணைப்பு என்றால் செம்பு வாஷர் இரண்டையும் புதிதாகப் போட வேண்டும், பழசைப் போட்டால் மறுபடி கசியும்.

மாற்றிவிட்டேன், ஆனால் திருப்பும்போது 'ஊ...ம்' என்று முனகுகிறது, ஸ்டீரிங் ஆயில் டப்பாவில் நுரை.

உள்ளே காற்று. பலரும் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். முன் சக்கரங்களை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள் (ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள்), இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமலே ஸ்டீரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் மெதுவாக இருபது தடவை திருப்புங்கள், டப்பாவில் எண்ணெய் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள், குமிழி வருவது நின்றதும் ஸ்டார்ட் செய்து அதையே ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) செய்யுங்கள். ஸ்டீரிங்கைக் கடைசிவரை ஒடித்துப் பிடித்தபடி ஐந்து விநாடிக்கு மேல் நிற்காதீர்கள், பம்ப் சூடேறிப் போகும். நுரை அடங்கவில்லையா, ஒரு மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.

அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊற்றலாமா?

கூடவே கூடாது. ரப்பர் சீல்கள் ஊதிப் போகும். ஏற்கெனவே ஊற்றியிருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் முழுக்க வடித்துவிடுங்கள். டப்பா மூடியிலேயே எந்த ஆயில் என்று பெரும்பாலும் எழுதியிருக்கும்.

என் ஸ்விஃப்டில் ஹோஸையே காணோமே?

இருக்காது சார், அது மோட்டாரில் ஓடுகிற எலக்ட்ரிக் ஸ்டீரிங். பானெட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போங்கள்.