குழந்தைகளுக்குச் சிரங்கு: கேள்வி பதில்

சேலத்தில் குழந்தைகளுக்கான தோல் மருத்துவம் பார்க்கிறேன். இன்று சிரங்கு பற்றி மட்டும்.

ஓமலூர்: பையனுக்குக் காலில் சிரங்கு சீழ் வைத்து ஆறிவிட்டது. இப்போது காலையில் முகம் வீங்குகிறது, சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போகிறது.

இதை முதலில் எடுக்கிறேன். இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சொறிந்த புண்ணில் கிருமி புகுந்தால், சில வாரம் கழித்துச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். சிறுநீரும் ரத்த அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத் தேறிவிடுவார்கள், ஆனால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

ஏற்காடு, நாகலூர்: 4 வயது மகன் ராத்திரியெல்லாம் சொறிகிறான். விரல் இடுக்கில் பொடிப்பொடியாகக் கொப்புளம். அவன் அக்காவும் சொறிய ஆரம்பித்துவிட்டாள். காபித் தோட்டத்துப் பூச்சிக்கடியா?

இரவில் கூடும் அரிப்பு, விரல் இடுக்கு, வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு: இந்த மூன்றும் சேர்ந்தால் சிரங்கு என்றுதான் முதலில் நினைப்பேன். மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றியும் பாருங்கள். கைக்குழந்தை என்றால் உள்ளங்கை, உள்ளங்கால், தலையிலும் வரும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. மலைக்குளிரில் பிள்ளைகள் ஒரே கம்பளிக்குள் ஒட்டிப் படுத்தால் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு எளிதில் தாவும்.

டாக்டரிடம் காட்டி உறுதி செய்த பிறகு, 5 சதவீத பெர்மெத்ரின் கிரீமை இரவில் உலர்ந்த தோலில் கழுத்திலிருந்து கால்விரல் வரை தடவுங்கள். நக இடுக்கையும் விடாதீர்கள். 2 வயதுக்குக் கீழே என்றால் கண், வாய் தவிர முகத்துக்கும் தலைக்கும் சேர்த்து. 8 முதல் 12 மணி நேரம் கழித்துக் குளிப்பாட்டுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. 2 மாதம் நிரம்பாத குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் எதுவும் தடவ வேண்டாம்.

இதைவிட முக்கியம்: வீட்டில் எல்லோரும், ஒரே இரவில். முதல்முறை வருபவருக்கு 4 முதல் 6 வாரம் வரை அரிப்பே தெரியாது, ஆனால் பரப்புவார். துணி, போர்வையை வெந்நீரில் துவையுங்கள். துவைக்க முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் வையுங்கள்.

ஆத்தூர்: மெடிக்கலில் ஒரு டியூப் கொடுத்தார்கள். போட்டால் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்புகிறது.

அது ஸ்டீராய்டு கலந்த கிரீமாக இருக்கும். அரிப்பை அமுக்கும், பூச்சியைக் கொல்லாது. நோய் உருமாறி எங்களாலேயே அடையாளம் காண முடியாமல் போகும். தயவுசெய்து நிறுத்துங்கள்.

அஸ்தம்பட்டி: தடவி ஒரு வாரம் ஆகியும் அரிக்கிறது.

செத்த பூச்சிக்கும் தோல் 2 முதல் 4 வாரம் அரிக்கும். அதற்கு மேலும் அரித்தாலோ, புதுக் கொப்புளம் வந்தாலோ திரும்பக் காட்டுங்கள்.

சூரமங்கலம்: வேப்பிலை மஞ்சள் போதாதா? அம்மா எங்களை அப்படித்தான் குணப்படுத்தினார்.

போதாது. அரைக்கும் பதம் வீட்டுக்கு வீடு மாறும். பிஞ்சுத் தோலில் எரிச்சலும் வரும்.

சூரமங்கலம் மறுபடியும்: அப்போ அனுபவம் பொய்யா?

நெத்திமேடு: எங்கள் வீட்டிலும் வேப்பெண்ணெயில்தான் போனது. சுத்தமாக இருந்தால் வரவே வராது.

அம்மா பொய் சொல்லவில்லை. மஞ்சள் பூசிய அன்றே பாயையும் துணியையும் வெந்நீரில் போட்டு வெயிலில் காயவைத்திருப்பார், வீட்டில் எல்லோருக்கும் பூசியிருப்பார். அந்தப் பாதியைத்தான் நாம் விட்டுவிட்டோம். ஆனால் சுத்தம் என்ற பேச்சை ஒப்புக்கொள்ள மாட்டேன். தினமும் குளிக்கிற பிள்ளைக்கும் வரும். நெருக்கிப் படுக்க வேண்டிய வீட்டில் அதிகம் வரும். அழுக்கு என்று ஏசுவதால்தான் தாய்மார் மறைக்கிறார்கள், விடுதியில் ஒரு பிள்ளைக்கு வந்தது அறை முழுக்கப் பரவுகிறது. 2017இல் உலகச் சுகாதார நிறுவனம் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் சேர்த்தது. அந்தப் புறக்கணிப்பில் இந்த ஏச்சுக்கும் பங்கு உண்டு.

மேட்டூர்: மகள் கன்னத்தில் வெள்ளைத் திட்டு.

இது சிரங்கு இல்லை. நேரில் காட்டுங்கள். திட்டில் உணர்ச்சி குறைவாக இருந்தால் தொழுநோயாக இருக்கலாம், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், அதற்கு மருந்து இலவசம்.

கொண்டலாம்பட்டி: தெருநாயிடமிருந்து வந்ததா?

நாய்ப் பூச்சி வேறு, மனிதத் தோலில் பெருகாது.

அம்மாபேட்டை: எனக்கு அரிப்பு இல்லை, நானும் தடவணுமா?

தடவணும். நாகலூர் பதிலைப் படியுங்கள்.

தாரமங்கலம்: கணவர் தனக்கு ஒன்றுமில்லை, தடவ மாட்டேன் என்கிறார்.

மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், எல்லோரும், ஒரே இரவில். அவர் விட்டால் குழந்தைக்குத் திரும்ப வரும், நீங்கள் திரும்ப டியூப் வாங்குவீர்கள். இதை அப்படியே அவரிடம் படித்துக் காட்டுங்கள்.